சம்பளப் பாக்கிக்கு ஒரு ஊர்

போலந்தின் வடகிழக்கு மூலையில், பெலாரூஸ் எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் குருஷினியானி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நீளமான ஒரு தெரு, இருபுறமும் மர வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் காடு. அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். இங்கே மட்டும் மரங்களுக்கு நடுவில் பச்சை வர்ணம் பூசிய ஒரு மரக் கட்டடம் நிற்கிறது. முன்பக்கம் இரண்டு சதுரக் கோபுரங்கள். படத்தை முதலில் பார்த்தபோது கிராமத்து சர்ச் என்றுதான் நினைக்கத் தோன்றும். கோபுர உச்சியைப் பார்த்தால் சிலுவைக்குப் பதில் பிறை.

அது பள்ளிவாசல். இன்று நிற்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதற்கு முன்பும் அங்கே ஒன்று இருந்திருக்கிறது, 1717-லேயே ஆவணங்களில் பேர் வருகிறது. சர்ச் மாதிரி இருப்பதில் மர்மம் எதுவும் இல்லை. அந்த வட்டாரத்துத் தச்சர்களுக்குத் தெரிந்த வழிபாட்டுக் கட்டடம் அதுதான். மினாரா எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்ததைக் கட்டிவிட்டு மேலே பிறையை வைத்துவிட்டார்கள். உள்ளே போனால் மக்கா திசையில் மிஹ்ராப், பக்கத்தில் மிம்பர் படி, சுவரெல்லாம் குர்ஆன் வசனங்கள் எழுதிய சட்டங்கள். பெண்களுக்குத் தனி அறை. நடுச்சுவரில் திரை போட்ட நீளவாட்டு ஜன்னல்.

இந்த ஊருக்குப் போகிற சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி 1683-ல் வியன்னாவில் ஒட்டோமான் படையை முறியடித்தார் அல்லவா? அதற்குச் சில வாரங்கள் கழித்து, அக்டோபரில், பார்கானி என்ற இடத்தில் நடந்த சண்டையில் முதல் நாள் போலந்துக் குதிரைப்படை சிதறி, மன்னரே எதிரி கையில் சிக்கும் நிலை. அப்போது சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கி என்ற தாத்தார் அதிகாரி அவரைக் காப்பாற்றினார். நன்றிக்கடனாக மன்னர் இந்த ஊரைப் பரிசாகக் கொடுத்தார். 1688-ல் குரோட்னோவுக்குப் போகும் வழியில் இங்கே வந்து தோழரின் வீட்டில் தங்கினார், அங்கே நின்ற லிண்டன் மரத்தடியில் உட்கார்ந்தார் என்று கதை இன்னும் நீளும்.

நல்ல கதை. ஒரு சிக்கல்தான். ஊரை எழுதிக் கொடுத்த அரச ஆணையின் தேதி 1679 மார்ச் 12. பார்கானி சண்டை 1683. பரிசு முதலில் வந்து, உயிரைக் காப்பாற்றியது நாலு வருஷம் கழித்து நடக்கிறது!

க்ஷெச்சோவ்ஸ்கி கற்பனை ஆள் இல்லை. ஆணையில் பேர் உள்ள நிஜமான படைத் தலைவர். பார்கானியில் மன்னருக்கு ஆபத்து வந்ததும் நிஜம். இரண்டு நிஜத்தையும் ஒட்டவைத்த பசைதான் பிற்காலத்து வேலை. எனக்கு சுவாரஸ்யமாகப்பட்டது, அந்தப் பசை எதை மூடி மறைக்கிறது என்பது. 1679-ல் இந்த ஊர் கைமாறியதற்குக் காரணம் நன்றி கிடையாது. சம்பளப் பாக்கி.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் லித்துவேனியாவின் பெருங்கோமகன் விட்டவுட்டஸ், வோல்கா பக்கத்துத் தங்கப் படை அரசின் உள்சண்டையில் தோற்று வந்த தாத்தார்களைத் தன் நாட்டில் குடியமர்த்தினார். சும்மா இல்லை, நிலம் கொடுக்கிறேன், கூப்பிட்டால் குதிரையோடு வந்து சண்டை போட வேண்டும் என்பது ஏற்பாடு. 1410-ல் டியூடானிக் வீரத்துறவிகளுக்கு எதிரான குருன்வால்ட் போரில் இவர்கள் விட்டவுட்டஸ் பக்கம் நின்றார்கள். கிரிமியாத் தாத்தார்கள் லித்துவேனியாவை அழைத்த பேரிலிருந்து இவர்களுக்கு 'லிப்கா' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. (போலிஷ் மொழியில் லிப்கா என்றால் சின்ன லிண்டன் மரம். அதற்கும் மன்னர் உட்கார்ந்த மரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் கதை சொல்பவர்கள் விடுவார்களா?)

இருநூறு வருஷத்துக்குள் மொழி போய்விட்டது. வீட்டில் பெலாரூஸியனும் போலிஷும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மதம் மட்டும் நின்றது. விளைவு, ஸ்லாவிய மொழியை அரபு எழுத்தில் எழுதிய கையெழுத்துப் புத்தகங்கள். கிதாப் என்று பேர். நம் ஊர் அரபுத்தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே ஏற்பாடுதான். ஸ்லாவிய ஒலிகளுக்கு அரபியில் இல்லாத எழுத்துகளைப் புள்ளி வைத்து உண்டாக்கிக்கொண்டார்கள். பெயர்களைப் பாருங்கள்: முதல் பாதி சாமுவேல், நடுவில் முர்சா என்ற தாத்தார் பிரபுப் பட்டம், கடைசியில் சுத்த போலிஷ் குடும்பப் பேர். ஒரே ஆளுக்குள் மூன்று தேசம்.

17ஆம் நூற்றாண்டு இவர்களுக்குச் சரியில்லை. கத்தோலிக்க மறுமலர்ச்சி வேகமெடுத்த காலம். 1609-ல் டிராகாய் நகரில் ஒரு கூட்டம் பள்ளிவாசலை இடித்தது. கிறிஸ்தவப் பெண்களைத் தாத்தார்கள் மணப்பதற்குத் தடை வந்தது. நூற்றாண்டின் நடுவில் கொசாக் கலகம், ஸ்வீடன் படையெடுப்பு, ரஷ்யாவோடு போர் எனக் கஜானா காலி. தெற்கே வொலினியா, பொடோலியா எல்லைகளில் நின்ற லிப்கா குதிரைப்படைகளுக்குச் சம்பளம் வரவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருஷக்கணக்கில். கூடவே பழைய உரிமைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

1672-ல் ஒட்டோமான் சுல்தான் நான்காம் மெஹ்மத் படையெடுத்து வந்தபோது, இந்தப் படைகள் மொத்தமாகப் பக்கம் மாறின.

போலந்து இதைத் துரோகம் என்றே நினைவில் வைத்திருக்கிறது. ஹென்ரிக் சியென்கியெவிச் 1888-ல் புத்தகமாக வெளியிட்ட 'பான் வொவோடியோவ்ஸ்கி' நாவலின் வில்லன் ஆஸ்யா ஒரு லிப்கா அதிகாரி. உள்ளே இருந்துகொண்டே குழி பறிப்பவன். கடைசியில் கழுவில் ஏற்றப்படுகிறான். 1969-ல் யெர்ஷி ஹோஃப்மன் அதைப் படமாகவும் எடுத்தார், கழுவேற்றும் காட்சி உட்பட. போலந்தில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் 'லிப்கா' என்ற சொல் முதலில் நினைவூட்டுவது ஆஸ்யாவைத்தான். ஒரு சமூகத்துக்கு எதிராக ஒரு நல்ல நாவல் செய்யக்கூடிய வேலை சாதாரணமானது இல்லை.

நாவலில் சம்பளப் பட்டியலுக்கு இடம் கிடையாது. ஆஸ்யாவுக்குக் காதலும் பேராசையும் இருக்கிறது. நிஜ லிப்காக்களுக்கு இருந்தது குடும்பம், குதிரைத் தீவனம், வராத கூலி. துரோகம் இல்லை என்று நான் வாதாடவில்லை. புச்சாச் உடன்படிக்கையில் போலந்து பொடோலியாவையே இழந்தது. கமியெனியெட்ஸ் கோட்டை விழுந்தது. எல்லையோர மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அதை உண்டாக்கியதில் இவர்களுக்கும் பங்கு இருந்தது. ஆனால் வேலை வாங்கியவன் கூலி கொடுக்கவில்லை என்கிற முதல் வரியை அழித்துவிட்டு இரண்டாவது வரியிலிருந்து படிக்கிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

பக்கம் மாறிய பிறகும் அவர்களுக்குச் சுகம் இல்லை. தலைவர் அலெக்சாந்தர் கிரிச்சின்ஸ்கியை ஒட்டோமான்கள் பார் என்ற ஊருக்கு பே ஆக்கினார்கள். கொஞ்ச நாளில் அவரைச் சொந்த ஆட்களே கொன்றார்கள். சுல்தானின் நாட்டில் இவர்கள் சாதாரணக் குடிகள். போலந்தில் இருந்த பிரபு மரியாதைக்குப் பக்கத்தில்கூட வராது. பள்ளிவாசல் நிறைய இருந்தது, சுதந்திரம் குறைந்துவிட்டது. மதம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது என்று இரண்டு வருஷத்திலேயே புரிந்திருக்க வேண்டும். 1674 கடைசியில் சோபியெஸ்கி பார் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த லிப்காக்கள் சரணடைந்தார்கள்.

சோபியெஸ்கி அந்த வருஷம்தான் மன்னராகியிருந்தார். பழைய தளபதி. இந்தக் குதிரைப்படையின் மதிப்பு அவருக்குத் தெரியும். பழிவாங்கவில்லை, மன்னித்தார். 1676-ல் ஷுராவ்னோ உடன்படிக்கை வந்தது. அடுத்த வருஷம் செய்ம் என்கிற நாடாளுமன்றம் திரும்பி வந்தவர்களின் பழைய உரிமைகளை உறுதி செய்தது. மிச்சம் இருந்தது பாக்கிச் சம்பளம். கஜானாவில் பணம் இல்லை. மன்னரின் சாப்பாட்டுச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்ட அரச பண்ணைகள் குரோட்னோவைச் சுற்றி இருந்தன. அதிலிருந்து ஊர் ஊராக வெட்டிக் கொடுத்தார்கள்.

எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்தது. பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் மூன்று மாதம் சம்பளம் நின்றது. பணம் இல்லை, வேண்டுமானால் பங்குப் பத்திரம் தருகிறோம் என்றார்கள். அந்தக் காகிதம் இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது. சோபியெஸ்கியின் காகிதம் மேல், 340 வருஷம் தாண்டி நிற்கிறது.

1679 ஆணையின்படி குருஷினியானியும் பக்கத்து நிலங்களும் க்ஷெச்சோவ்ஸ்கிக்கும் அவர் படையாட்களுக்கும் போயின. போகோனிகி, திராக்லே, மாலவிச்சே ஆகிய ஊர்கள் இன்னொரு படைத் தலைவரான போக்தான் கியென்ஸ்கியின் ஆட்களுக்கு. பதவிக்கு ஏற்ப நிலத்தின் அளவு. வரி கிடையாது. பதிலுக்குப் போர் வந்தால் வர வேண்டும். ஒன்றைக் கவனிக்கணும். இவை வெற்று நிலமல்ல. அரச பண்ணைகளில் ஏற்கெனவே இருந்த ஊர்கள். மண்ணில் உழுதுகொண்டிருந்த குடியானவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடன் மன்னருடையது, கடன்காரன் குதிரை வீரன், அடைத்தது மூன்றாவது ஆள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் எல்லா மானியமும் இப்படித்தான் என்றாலும், பாக்கி தீர்ந்த கதையைச் சொல்லும்போது இவனை விட்டுவிடக் கூடாது.

போட்ட முதலுக்குப் பலன் சீக்கிரமே கிடைத்தது. நாலு வருஷத்தில் வியன்னா. இரண்டு பக்கமும் தாத்தார்கள் இருந்ததால் அடையாளத்துக்காக மன்னர் பக்கத்துத் தாத்தார்கள் தலையில் வைக்கோல் செருகிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். 1672-ல் சுல்தானோடு போனவர்களில் பலர் 1683-ல் சுல்தானுக்கு எதிரே நின்றார்கள். நடுவில் மாறியது அவர்களின் மதமோ ரத்தமோ அல்ல, வரவு செலவுக் கணக்கு.

அதற்குப் பிந்திய நூறு வருஷம் ஊர் தன்பாட்டுக்கு இருந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால், காட்டு மேட்டில் மையவாடி. அங்கே மீசார் என்கிறார்கள். படிக்க முடிகிற மிகப் பழைய கல் 1699-ஆம் வருஷத்தது. இந்த மீசாரைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். பழைய கற்களில் அரபு எழுத்து. தேசப் பிரிவினைக்குப் பிறகு வந்த கற்களில் ரஷ்ய எழுத்து. பிறகு போலிஷ். ஒவ்வொரு கல்லிலும் பிறை இருக்கிறது, எழுத்துதான் மாறிக்கொண்டே வருகிறது. யார் ஆண்டார்கள் என்று தெரிந்துகொள்ள அரசிதழைப் புரட்ட வேண்டாம், இந்த மேட்டில் ஒரு நடை நடந்தால் போதும்.

1795-ல் போலந்து என்ற நாடே வரைபடத்திலிருந்து போனது. இந்தப் பகுதி முதலில் பிரஷ்யாவுக்கு, 1807-க்குப் பிறகு ரஷ்யாவுக்கு. ஊரை எழுதிக் கொடுத்த அரசு செத்துவிட்டது, ஊர் இருந்தது. ரஷ்யர்கள் தாத்தார்களின் பிரபு அந்தஸ்தை ஒத்துக்கொண்டார்கள். நிறையப் பேர் ஜார் ராணுவத்துக்கும் அரசு உத்தியோகத்துக்கும் போனார்கள். 1918-ல் போலந்து மறுபடி பிறந்தது. 1925-ல் வில்னோ நகரில் இவர்களுக்கென ஒரு முஃப்தி, யாகுப் ஷின்கியெவிச், தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936 ஏப்ரல் 21-ல் முஸ்லிம் மத அமைப்புக்கும் அரசுக்கும் உள்ள உறவை வரையறுத்து செய்ம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அந்தச் சட்டம் அந்தக் குடியரசையும் தாண்டி, பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியையும் தாண்டி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. 1939 செப்டம்பரில் 13ஆம் வில்னோ உலான் படையில் தாத்தார்களுக்கென்றே ஒரு குதிரைப்படைப் பிரிவு சண்டைக்குப் போனது.

போர் முடிந்து எல்லையை மேற்கே நகர்த்தியபோது வில்னோவும் நோவோகுருதெக்கும் சோவியத் பக்கம் போய்விட்டன. போருக்கு முன் போலந்தில் ஒரு டஜனுக்கும் மேல் பள்ளிவாசல்கள். புதிய எல்லைக்குள் மிஞ்சியவை இரண்டு: குருஷினியானி, போகோனிகி. இரண்டுமே 1679 மார்ச் ஆணையில் பேர் வந்த ஊர்கள். கிழக்கிலிருந்து பெயர்ந்த தாத்தார்கள் க்டான்ஸ்க், ஷ்செச்சின் பக்கம் சிதறினார்கள். இந்த ஊர்களின் பிள்ளைகளும் வேலை தேடி பியாவிஸ்டோக், சோகூவ்கா என்று நகரங்களுக்குப் போனார்கள். இன்று குருஷினியானியில் நிரந்தரமாக இருக்கிற தாத்தார் குடும்பங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஊரில் பெரும்பான்மை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பெருநாளைக்கு நகரங்களிலிருந்து கார்களில் வருகிறார்கள், தொழுகிறார்கள், மீசாருக்குப் போகிறார்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். சாப்பாடு என்றால் பியெரெகாச்செவ்னிக். மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கடுக்காக வைத்து, நடுவே இறைச்சி பரப்பி, நத்தை மாதிரி சுருட்டி அவனில் சுடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் 2009-லிருந்து இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைத் தாத்தார் என்று பதிந்துகொண்டவர்கள் போலந்து முழுக்க சுமார் 1,900 பேர். நம் ஊரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஜனம்.

2010-ல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். 2012-ல் இரண்டு பள்ளிவாசல்களையும் மீசார்களையும் தேசிய வரலாற்றுச் சின்னமாகக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். 2014 ஜூன் கடைசியில் ஒரு இரவு யாரோ வந்து குருஷினியானி பள்ளிவாசல் சுவரில் பன்றிப் படம் வரைந்து, மீசாரில் கல்லறைகளிலும் கிறுக்கிவிட்டுப் போனார்கள். 335 வருஷமாக இருக்கிற ஊருக்கு வந்து, நீ வெளியாள் என்று சொல்கிற துணிச்சல் எங்கிருந்து வருகிறது? பரிசுக் கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. 'மன்னர் பெரிய மனசு பண்ணி இடம் கொடுத்தார்' என்று கேட்டு வளர்பவனுக்கு, இவர்கள் இன்றைக்கும் விருந்தாளிகள். விருந்தாளியிடம் எப்போது வேண்டுமானாலும் கிளம்பு என்று சொல்லலாம். வேலை செய்து, கூலிக்குப் பதிலாக நிலம் வாங்கியவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. தாத்தார்களே பரிசுக் கதையை விரும்பிச் சொல்வதும் புரிகிறது. 1672-ஐப் பற்றிப் பேசாமல் 1683-ஐப் பற்றிப் பேச அது ஒரு வழி. ஆஸ்யாவின் நிழல் அவ்வளவு நீளம்.

2021-ல் எல்லையில் பிரச்சினை வெடித்தது. மத்தியக் கிழக்கிலிருந்து பெலாரூஸுக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் போலந்துக் காட்டுக்குள் தள்ளப்பட்டார்கள், இந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தள்ளப்பட்டார்கள். செப்டம்பரில் எல்லையோரம் அவசரநிலை. 183 ஊர்களுக்குள் வெளியார் நுழையத் தடை. அதில் குருஷினியானியும் ஒன்று. சுற்றுலாப் பயணிகளை நம்பி இருந்த ஊரில் ஆள் நடமாட்டமே நின்றது.

காட்டில் பிணங்கள் கிடைக்க ஆரம்பித்தன. அடக்கம் செய்ய ஒரு முஸ்லிம் மையவாடி வேண்டும், பக்கத்தில் வேண்டும். போகோனிகிக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். நவம்பர் 15-ஆம் தேதி இரவு, புக் ஆற்றில் மூழ்கி இறந்த 19 வயது சிரியா இளைஞனுக்கு இமாம் ஜனாஸா தொழுகை நடத்தினார். சிரியாவில் இருந்த பெற்றோர் பார்ப்பதற்காக, போலந்தில் வேலை செய்யும் ஒரு சிரியா டாக்டர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மாதமே இன்னொரு சின்னப் பெட்டி வந்தது. காட்டில் சுகமில்லாமல் கிடந்து மீட்கப்பட்ட ஒரு ஈராக் குர்து தாயின் வயிற்றில் இறந்த குழந்தை. அதே வாரங்களில் அந்த ஊர்ப் பெண்கள் பெரிய பாத்திரங்களில் சூப் காய்ச்சி எல்லையில் நின்ற போலந்துப் படையினருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அகதிகளுக்கும் துணியும் உணவும் சேர்த்தார்கள். வெளிநாட்டு நிருபர்கள் சிலருக்கு இது குழப்பமாக இருந்தது, யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லையில் குடியிருக்கும் படையாட்களின் வாரிசுகளிடம் கேட்கிற கேள்வி.

2022 ஜூலையில் நுழைவுத் தடை நீங்கியது. அதற்குள் எல்லையில் ஐந்தரை மீட்டர் உயர இரும்பு வேலி எழுந்துவிட்டது. பேருந்துகள் குருஷினியானிக்குத் திரும்ப வருகின்றன. வழிகாட்டி பச்சைப் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று, மன்னர் உயிரைக் காப்பாற்றிய தாத்தார் வீரனின் கதையை ஆரம்பிக்கிறார்.